எடை குறைந்த கை

பிசியோதெரபி படிக்கப் போவதற்கு முன்னால் ஏழு வருஷம் ஒரு இறால் கம்பெனியில் கணக்கு எழுதினேன். விடிவதற்குள் ஷெட்டில் ஐஸ் உடைக்கிற சத்தம் தொடங்கிவிடும். ஈரச் சிமெண்டுத் தரையில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை உருவி, ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். ஒரு இறாலுக்கு இரண்டு மூன்று விநாடிதான். மதியம் வரை விரல்கள் ஓயாது. சட்டி நிறைந்ததும் தராசுக்கு வரும். பெயருக்கு நேராக நான் கிலோவை எழுதுவேன். கிலோவுக்குத்தான் கூலி.

2007-இல் அந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு 19 வயது. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் படித்திருந்தேன். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. நைனா பழவேற்காடு ஏரியில் சுத்து வலை போடுகிறவர். அம்மா அன்னக்கூடையில் மீன் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டு, பொழுது சாயத்தான் திரும்புவார். மாசச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான்.

ஷெட்டில் ஒருவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ரத்த உறவில்லை, எங்கள் தெருக்காரர். வேகக்கைக்காரர். பொடி இறால் வந்தாலும் நாளைக்கு 14 கிலோ உரித்துவிடுவார். ஒரு வருஷம் அந்த எண் 12 ஆனது. பிறகு 11. அடுத்த மழைக்காலத்தில் 9. ‘கை மரத்துப் போவுது கண்ணு. ராவெல்லாம் உதறிக்கினே கெடக்கறேன். சோத்துத் தட்டு நழுவி வுழுது’ என்று ஒருநாள் தராசுப் பக்கத்தில் நின்று சொன்னார். ‘தேங்கா எண்ணெய் காய்ச்சித் தேச்சுக்குங்க அத்தை’ என்றேன். பிறகு நோட்டில் 9 என்று எழுதினேன். மேலே இருந்தவர்கள் யார் யாருக்கு எடை குறைந்திருக்கிறது என்று கேட்டபோது அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டினேன். மறுவாரத்திலிருந்து அத்தைக்கு வேலையில்லை.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஏன் துறை மாறினாய் என்று கேட்பவர்களிடம் அம்மாவின் தோளைத்தான் காரணமாகச் சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான்.

2013-இல் அம்மாவுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. ஜாக்கெட் போட முடியாது, தலை பின்ன முடியாது. எண்ணெய் போட்டு உருவுகிற ஒருவர் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அன்றிலிருந்து ராத் தூக்கமும் போனது. கடைசியில் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அம்மாவைப் போல் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குத் தோள் உறைந்துபோவது மற்றவர்களைவிட அதிகம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பிசியோதெரபி பிரிவில் ஒரு அம்மா இருந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டது வேறு: ‘இந்தக் கையால நீங்க என்ன வேலை செய்வீங்க? இப்ப அதுல எது முடியல?’

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. பிறகு சொன்னார்: ‘அன்னக்கூடைய எறக்க முடியலம்மா. தூக்கி வுட ஆள் இருக்கும். எறக்க நான்தான்.’

தலையிலிருந்து கூடையை இறக்க வேண்டுமென்றால் இரண்டு கையும் காதைத் தாண்டி மேலே போக வேண்டும். அந்த அம்மா அதையே இலக்காக வைத்தார். வீட்டு விட்டத்தில் ஒரு கயிற்றைப் போட்டு, நல்ல கையால் இழுத்து, பிடித்துக்கொண்ட கையை மேலே தூக்கச் சொன்னார். சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறி, எட்டின இடத்தில் கரிக்கோடு போடச் சொன்னார். வலைக் கயிறு வீட்டில் கிடந்தது. சுவரும் இருந்தது. கரிக்கோடுகள் மேலே ஏற ஏறப் பத்து மாதமாயிற்று. பத்தாவது மாதம் அம்மா காலிக்கூடையைத் தலைக்குத் தூக்கி, தானே இறக்கி வைத்தார். அந்தச் சுவரை அப்புறம் இரண்டு பொங்கலுக்கு வெள்ளையடிக்க விடவில்லை.

இதற்கு என்ன படிக்க வேண்டும் என்று விசாரித்தேன். பி.பி.டி., நான்கரை வருஷம். 2014-இல் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கு 26 வயது. கல்யாணத்துக்கு வைத்திருந்த சங்கிலியும் வளையலும் போயின. ‘அடுத்தவங்க கைய கால புடிச்சு வுடறதுக்கா இவ்ளோ துட்டு?’ என்று நைனா கேட்டார். அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். இறால் கம்பெனிச் சம்பளம் நின்றால் முகத்துவாரம் மண் தூர்ந்து மீன் வராத மாதங்களில் வீட்டில் உலை வைப்பது எப்படி என்கிற பயம். அதற்கு என்னிடமும் பதிலில்லை. சனி, ஞாயிறு ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்து இறால் உரித்தேன். அதுவரை எழுதிக்கொண்டிருந்தவளுக்கு உரிப்பது என்ன என்று அப்போதுதான் விரலில் தெரிந்தது.

வகுப்பில் எல்லோரும் என்னை அக்கா என்றார்கள். தசைகளின் பெயர்கள் லத்தீனும் கிரேக்கமும் கலந்து கிடக்கும். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்ற ஒரு பெயரைத் தடுக்காமல் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. ஆனால் உடற்கூறுக் கூடத்தில் நான் தயங்கவில்லை. பிறந்ததிலிருந்து மீன் அரிந்த வீடு. தோலுக்குக் கீழே எது எதோடு ஒட்டியிருக்கும், எந்தப் பக்கம் இழுத்தால் பிரியும் என்பது கைக்குத் தெரியும். முன்கையைத் திறந்து காட்டினார்கள். விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டில் ஒரு குறுகலான சுரங்கத்துக்குள் நுழைந்து போகின்றன. அடியில் எலும்பு, மேலே கெட்டியான பட்டை. ஓயாமல் விரலை மடக்கினால் நாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கும். சுரங்கம் அகலாது. எனவே நெரிபடுவது நரம்பு.

அடுத்த நாள் வகுப்பில் அதன் அறிகுறிகளைப் பலகையில் எழுதினார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். ராத்திரியில் அதிகமாகும். நோயாளி கையை உதறினால் சற்றுத் தணியும். பிடித்த பொருள் நழுவும். நாளாக நாளாகக் கட்டைவிரல் மேட்டுச் சதை கரையும். யாருக்கு வரும் என்ற வரிசையில், குளிரில் நின்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற மீன், இறைச்சித் தொழிலாளர்கள் என்று இருந்தது. நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். 14, 12, 11, 9. ஒரு நோயின் போக்கைத் தேதி போட்டு என் கையாலேயே நான் எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் துறைக்கு இந்த நாட்டில் வயது அதிகமில்லை. 1952-இல் பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவிய பிறகு, 1953-இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அங்கே தொடங்கியதுதான் முதல் பிசியோதெரபிப் பள்ளி. ஆனால் அந்த நாட்களில் எனக்குத் தெம்பு தந்தது வேலூர் கதை. மேரி வர்கீஸ் அங்கே சி.எம்.சி.யில் இளம் டாக்டர். 1954-இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் திறந்த மறுவாழ்வு நிலையத்துக்கு அவர்தான் தலைமை. தன் உடம்பு அடியோடு மாறிப்போன பிறகு தொழிலையும் மாற்றிக்கொண்டவர். நான் மாற்றிக்கொண்டது இருக்கையை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பாடத்தைப் புரட்டுவேன்.

படிப்பு முடிந்து சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருஷம் இருந்தேன். ஒரு நாளைக்கு முப்பது பேர். மெழுகு ஒத்தடம், கரண்ட் மெஷின், அல்ட்ராசவுண்ட். ஆளை மெஷினில் மாட்டிவிட்டு அடுத்தவரிடம் ஓட வேண்டும். மெஷின்களைக் குறை சொல்லவில்லை, அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் ஸ்டான்லியில் அம்மாவிடம் கேட்ட அந்தக் கேள்வியை நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. நேரமில்லை. மறுபடியும் ஒரு தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று பட்டது.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே போவார்கள். ஒப்பந்த வேலைதான், சம்பளமும் சென்னையைவிடக் குறைவு. ஆனால் எங்கள் மீஞ்சூர் ஒன்றியத்தில் இடம் இருந்தது. பழவேற்காடும் அதைச் சுற்றியுள்ள குப்பங்களும் அந்த ஒன்றியத்தில்தான் வருகின்றன. திரும்பி வந்தேன்.

வந்த முதல் மாதம் நான் செய்தது பெரும்பாலும் தப்பு. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து செய்கிற பயிற்சிகளைப் படம் போட்ட தாளாகக் கொடுத்தேன். பாதி வீடுகளில் நாற்காலி கிடையாது. தட்டையான தரையில் நடக்கச் சொன்னேன். வாசலைத் தாண்டினால் மணல். அப்புறம்தான் வீட்டிலிருந்தே பொருள் எடுக்கப் பழகினேன். கவிழ்த்த ஐஸ் பெட்டி நாற்காலியாயிற்று. மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் எடைக்கல். விட்டத்துக் கயிறு எல்லா வீட்டிலும் உண்டு.

உடம்பு தொழிலுக்குத் தொழில் வேறு. கடலுக்குப் போகிறவர்களுக்கு அலை வாயில் படகு எழும்பி விழுந்து அடிமுதுகு போகும். என்ஜினைக் கயிறு இழுத்துக் கிளப்பித் தோள் போகும். ஏரிக்காரர்களுக்கு அப்படியில்லை. ஏரி பல இடங்களில் இடுப்பளவு கூட இல்லை. நீளக் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளித்தான் படகு நகரும். வருஷக்கணக்கில் ஒரே பக்கம் ஊன்றுவதால் முதுகின் ஒரு பக்கத் தசை கயிறு மாதிரி முறுக்கேறியிருக்கும், மறுபக்கம் சப்பையாக இருக்கும். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால் கடலா, ஏரியா, எந்தக் கைப்பக்கம் கழி என்று இப்போது சொல்லிவிடுவேன். அதைச் சொன்னதும் அவர்கள் முகம் மாறும். அதற்குப் பிறகுதான் வலியைப் பற்றிப் பேசவே ஆரம்பிப்பார்கள்.

இருளர் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்குக் கழுத்துவலி, தாடைவலி, எந்நேரமும் தலைவலி. மூன்று வாரம் கழுத்துக்குப் பயிற்சி கொடுத்தும் பலனில்லை. ஒருநாள் அவரோடு தண்ணீருக்குப் போனேன். அவர்கள் வலை போடுவதில்லை. தண்ணீரில் குனிந்து தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி, இறாலைப் பிடிப்பார்கள். கெளுத்தி முள் குத்தும், கிளிஞ்சல் கிழிக்கும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். இறால் சேரச் சேரப் பறி கனக்கும். அந்தக் கனம் முழுக்கத் தாடையில் தொங்கும். மணிக்கணக்கில்.

பறியை இடுப்பில் கட்டிக்கொள்ளலாமே என்று கரையிலிருந்து யோசனை சொன்னேன். அவர் செய்து காட்டினார். பிடித்த கை இடுப்பு வரை போய்வருவதற்குள் அடுத்த இறால் ஓடிவிடுகிறது. கைக்கு வாய்தான் பக்கம். அந்த வேலையின் கணக்கு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆகவே வேலையை மாற்றாமல் கனத்தைக் குறைத்தோம். பறி பாதி நிறைந்ததும் கரையிலிருக்கிற பெரிய கூடையில் கொட்டிவிடுவது, இந்தப் பக்கப் பல் அந்தப் பக்கப் பல் என்று மாற்றிக் கடிப்பது, கரையேறியதும் தாடையைத் தளர்த்திச் சூடு கொடுப்பது, நெற்றியில் உள்ளங்கையை வைத்துக் கழுத்தை அசைக்காமல் எதிர்த்து அழுத்துவது. வலி பாதியாகக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. அவர் தண்ணீரில் இறங்குகிற வரை போகாது.

கோட்டைக்குப்பம் பக்கம் ஒரு பெரியவர். அவருக்கு வலது கை, கால் இழுத்துக்கொண்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. புறா ரத்தம் தேய்த்துக் கட்டிலில் போட்டிருந்தார்கள். மகன் அவரைத் தூக்கும்போதெல்லாம் விழுந்த கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். தோள் மூட்டில் ஒரு விரல் நுழைகிற அளவு பள்ளம். வாதத்தில் தோளைப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்துவிடுவதால் கையின் கனமே மூட்டைக் கீழே இறக்கிவிடும். இழுத்தால் கேட்கவே வேண்டாம். கையைத் தொடாமல் தோள்பட்டை எலும்புக்கு அடியில் கைகொடுத்து எழுப்ப வேண்டும் என்று முதலில் மகனுக்குத்தான் பாடம் நடத்தினேன்.

மூளையின் இடப்பக்கம் அடிபட்டவர்களுக்குப் பேச்சும் போவது உண்டு. சிலரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சும், எதைச் சொல்ல வந்தாலும் அதுவே வரும். அவருக்கு மிஞ்சியது ‘பாடு’. என்னைப் பார்த்தும் ‘பாடு, பாடு’ என்றார். ‘எவ்ளோ பாடு படுது பாரும்மா இந்த மனுசன்’ என்று அவர் வீட்டு அம்மா அழுதார். பார்க்க வந்தவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

நான் சுத்து வலைக்காரர் மகள். பழவேற்காடு ஏரியில் இறால் வரத்துள்ள இடங்களை ஊரார் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமலிருக்க முன்னோர் வைத்த ஏற்பாடு. அந்த முறைக்கும் பாடு என்றுதான் பெயர். நைனா எங்கள் வீட்டுக் காலண்டரில் பாடு நாளைச் சுழித்து வைப்பார். மகனிடம் ‘அண்ணே, உங்க பாடு எப்ப?’ என்று கேட்டேன். கட்டிலிலிருந்தவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாளை மறுநாளாம். அவர் படுத்த பிறகு வருகிற முதல் முறை.

ஒவ்வொரு தடவையும் அவர் அதைத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கேட்கும்போதும் அதே சொல்தான். ஆனால் அன்றைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தது. பந்தை உருட்டச் சொல்லவில்லை, வலையைக் கொண்டுவரச் சொன்னேன். திண்ணையில் உட்கார வைத்து, விழுந்த கையின் அடியில் வலையை விரித்து, அந்தக் கை வலைக்கண்ணை அழுத்திப் பிடிக்க, நல்ல கை ஊசியால் பின்ன. முதல் மாதம் விழுந்த கை வெறும் கல் மாதிரி வலை மேல் கிடந்தது. மூன்றாம் மாதம் கண்ணைப் பிடித்தது. அடிபட்ட மூளை வேறு வழி கண்டுபிடிப்பதற்கு முதல் சில மாதங்கள்தான் நல்ல காலம். அந்தக் காலத்தில் கைக்குத் தெரிந்த வேலையையே திரும்பத் திரும்பக் கொடுப்பதுபோல் உதவுவது வேறில்லை. எட்டாம் மாதம் ஊசி வலது கைக்கு மாறியது, ஒரு வரிசைக்கு மட்டும். அவர் மறுபடி படகேறவில்லை. பாடு நாளில் மகன் போகிறார். ஆனால் போவதற்கு முந்தின நாள் கிழிசல் பார்த்து வலையைக் கொடுப்பது அவர்தான்.

அத்தையைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். கம்பெனியை விட்டுப் போனதும் மகள் வீட்டோடு போய்விட்டார்கள் என்றார்கள். 2022-இல் பசியாவரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் படகில் போனபோது, வாசலில் ஓலை முடைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து ‘கணக்குப் பொண்ணு தான நீ?’ என்றார்.

கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் மேடு இரண்டு கையிலும் வற்றி, எலும்பு தெரிய அமுங்கியிருந்தது. மணிக்கட்டில் தட்டினால் விரல் நுனி வரை சுரீர் என்கிறது. பயிற்சியால் சரியாகிற கட்டம் எப்போதோ தாண்டியாயிற்று. அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, கூடவே போய், வலது கையில் அந்தப் பட்டையை அறுத்துவிடும் சிறு ஆபரேஷன் செய்ய வைத்தேன். ராத்திரி மரப்பு நின்றது. கரைந்த சதை திரும்பவில்லை. ஆரம்பத்திலேயே மணிக்கட்டுக்குப் பட்டை கட்டி, வேலையில் இடைவெளி கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பதை நான் அவரிடம் சொன்னேன். நோட்டைக் காட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

‘தெரியும் கண்ணு’ என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. ஓலையை எடுத்துக்கொண்டார்.

இப்போது வியாழக்கிழமைகளில் அந்தப் பக்கம் போகிறேன். மெல்லிய காம்பைக் கிள்ளிப் பிடிக்கக் கட்டைவிரலில் பலமில்லை என்பதால், பழைய சைக்கிள் டியூபை வெட்டி அவர் கரண்டியின் காம்பில் தடிப்பாகச் சுற்றிக் கொடுத்தேன். உள்ளங்கை முழுதாலும் பிடிக்க முடிகிறது. போன வாரம் கிளம்பும்போது படகு வரை வந்தார். கத்திக்கும் ஒரு துண்டு வேண்டுமாம்.